குளூட்டன் இல்லாத பாக்கெட் தீனி: ருசியானதை எந்த வரிசையில் தேடுவது, பாக்கெட்டின் பின்பக்கத்தில் எதைப் படிப்பது

குளூட்டன் ஆகாதவர்கள் கடைக்குள் நுழைந்ததும் நேராகப் போய் நிற்பது 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதிய தனி அலமாரி முன்னால்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவற்றில் பெரும்பங்கு கோதுமைப் பண்டங்களைப் பார்த்துச் செய்தவை: ரொட்டி, மஃபின், ப்ரெட்ஸல், மெத்தென்ற குக்கி. இவற்றில் நன்றாக வந்தது குறைவு, பெரும்பாலும் உதிரும், நாக்கில் மணல்போல நெருடும். கடையின் மற்ற வரிசைகளிலோ பிறவியிலேயே குளூட்டன் இல்லாத தீனி நிறையக் கிடக்கிறது. அங்கே ருசி நிச்சயம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் படித்தாக வேண்டும்.

முதலில், எது ஏன் நன்றாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தேடல் குறையும். கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்களும் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது ஓர் இழுவையான வலை உண்டாகிறது. அதுதான் குளூட்டன். மாவுக்குள் உண்டாகும் காற்றையும் ஈரத்தையும் அந்த வலை பிடித்து வைக்கிறது. உப்பி, மெத்தென்று, இழுத்தால் பிய்யாமல் இருக்க வேண்டிய பண்டம் எதுவானாலும் வலை இல்லாமல் திண்டாடும். மொறுமொறுவென்று உடைய வேண்டிய பண்டத்துக்கு வலையே தேவையில்லை. சொல்லப்போனால், கோதுமையில் பிஸ்கட் செய்பவர்களே புரதம் குறைந்த மாவைத்தான் எடுக்கிறார்கள், குளூட்டன் கூடினால் பிஸ்கட் கடினமாகிவிடும் என்பதால். ஆகவே மெல்லிய கிராக்கர், வெண்ணெய் அதிகம் உள்ள ஷார்ட்பிரெட், பாதாம் மாவில் செய்த பிஸ்கட், தேங்காய்த் துருவல் மக்கரூன் போன்றவை குளூட்டன் இல்லாமலும் நன்றாகவே வரும். பிரவுனியும் அப்படித்தான், அதில் மாவைவிட முட்டை, சர்க்கரை, சாக்லேட்டின் பங்கே பெரிது. தனி அலமாரியில் வாங்கத் தகுந்தவை இவைதான். பஞ்சுபோன்ற பன்னையும் டோனட்டையும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாங்குங்கள்.

மற்ற வரிசைகளில் தேட வேண்டியவை: பாப்கார்ன், வெறும் உப்பு போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ், மக்காச்சோள சிப்ஸ், ரைஸ் கேக், வறுத்த கொட்டைகளும் விதைகளும், வறுத்த கொண்டைக்கடலை, பயறு மாவில் செய்த பொரிப்புகள், உலர்பழம், கொட்டையும் பேரீச்சையும் சேர்த்து அழுத்திய பார், பாலாடைக்கட்டியை மட்டும் மொறுமொறுவென்று சுட்ட துண்டுகள், கறுப்பு சாக்லேட்.

இவற்றில் கெடுவது எப்போதும் மேலே தூவும் சுவையூட்டிதான். வெறும் உப்பு சிப்ஸில் மூன்றே பொருள் இருக்கும்: கிழங்கு, எண்ணெய், உப்பு. அதே நிறுவனத்தின் அதே சிப்ஸ் பார்பிக்யூ சுவையில் வந்தால் பதினைந்து இருபது பொருள் ஆகிவிடும். அதில் ஒன்று கோதுமை மாவாகவோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பொடியாகவோ இருக்கலாம். 'இந்தக் கம்பெனி சிப்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளும்' என்று மொத்தமாக முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு சுவையையும் தனிப் பண்டமாக எண்ணிப் படியுங்கள்.

எதில் எது ஒளிந்திருக்கும் என்று பார்ப்போம். கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் குளூட்டன் உண்டு. உப்பும் வினிகரும் போட்ட சிப்ஸில் மால்ட் வினிகர், அதாவது பார்லி. டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அச்சில் அடுக்கி வரும் சிப்ஸ் கிழங்கைச் சீவிப் பொரித்தது அல்ல. கிழங்குப் பொடியைப் பிசைந்து அச்சில் போடுவது. அந்தப் பிசைவில் கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பது உண்டு. 'மல்டிகிரெய்ன்' என்று போட்ட மக்காச்சோள சிப்ஸில் கோதுமை இருக்க வாய்ப்பு அதிகம். அரிசி கிராக்கர் பார்வைக்கு அப்பாவி, ஆனால் மேலே பூசிய பழுப்பு மெருகு பெரும்பாலும் சோயா சாஸ். வழக்கமான சோயா சாஸ் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. தமாரி என்ற வகை பெரும்பாலும் கோதுமை இல்லாமல் செய்யப்படுகிறது, அதையும் படித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். உலர்த்திய இறைச்சித் துண்டுகளிலும் இதே சாஸ்தான் சிக்கல். காரக் கடலை, தேன் பூசிய கொட்டை ஆகியவற்றில் மசாலா ஒட்டுவதற்கு மாவு பூசியிருப்பார்கள். முறுக்கிய லிக்கரிஸ் மிட்டாயில் கோதுமை மாவே முக்கியப் பொருள். நறுக்கிய பேரீச்சையும் அத்தியும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஓட்ஸ் மாவு தூவுவது உண்டு, அதற்குப் பதில் முழுப் பழமாக வாங்கிவிடலாம். காலை உணவுக்கான கார்ன் ஃப்ளேக்ஸும் பொரித்த அரிசியும் பெயரில் சோளம், அரிசி என்று இருந்தாலும் வாசனைக்காக பார்லி மால்ட் சேர்த்தே பெரும்பாலும் வருகின்றன. அவற்றை உடைத்துப் போட்டுச் செய்த சாக்லேட்டுக்கும் பாருக்கும் அதே கதி.

மால்ட் என்ற சொல்லில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் ஃப்ளேவர், மால்ட்டட் மில்க் எல்லாம் பார்லியிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு தானியத்தின் பெயரைச் சொல்லியிருந்தாலொழிய. மால்டோடெக்ஸ்ட்ரின், மால்டோஸ், மால்டிட்டால் ஆகியவை ஒலியில் மட்டும் உறவு, அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். மால்டோடெக்ஸ்ட்ரின் கோதுமையிலிருந்தே எடுக்கப்பட்டாலும் சுத்திகரிப்பில் புரதம் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் கோதுமை மால்டோடெக்ஸ்ட்ரினையும் கோதுமை குளுக்கோஸ் சிரப்பையும் ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டில் இன்னொரு நுணுக்கம்: பீர் வடித்தபின் மிஞ்சிய ஈஸ்ட்டிலிருந்தும் அதை எடுப்பார்கள், அப்போது பார்லியின் மிச்சம் ஒட்டியிருக்கும். பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்ற அறிவிப்பு இல்லாமல் வெறும் 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்று மட்டும் இருந்தால் தவிர்ப்பது நல்லது. புகைச் சுவையூட்டியிலும் பார்லி மால்ட் மாவைத் தாங்குபொருளாகச் சேர்ப்பது உண்டு.

கோதுமைக்கு வேறு பெயர்கள் பல. ஸ்பெல்ட், காமுட், ஃபாரோ, எம்மர், ஐன்கார்ன், டூரம், செமோலினா, கூஸ்கூஸ், புல்கர், ஃப்ரீக்கே, கிரஹாம், செய்ட்டான் எல்லாம் கோதுமைக் குடும்பமே. டிரிட்டிகேல் கோதுமையும் ரையும் கலந்த பயிர். 'பழங்காலத் தானியம்' என்ற விளம்பரத்தோடு ஸ்பெல்ட் பிஸ்கட் வரும்போது குளூட்டன் இருக்காது என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு, அது தவறு. இதற்கு நேர்மாறாக, பக்வீட் என்ற பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமையே இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவதால், அறிவிப்பு உள்ள பாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். 'வீட் ஃப்ரீ' என்ற வாசகம் பார்லியையும் ரையையும் பற்றி எதுவும் சொல்வதில்லை.

லேபிளைப் படிக்கும் வரிசை

முன்பக்கத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்ற சொல்லோ சான்றிதழ் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பின்பக்கம் திருப்புங்கள். அடுத்தது 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் ஒவ்வாமை வரி. அங்கே 'வீட்' இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. இல்லையென்றால் பொருள் பட்டியலை முழுதாகப் படியுங்கள். மேலே சொன்ன கோதுமையின் வேறு பெயர்களைத் தவிர, கண் தேட வேண்டிய சொற்கள் ஆறுதான்: வீட், பார்லி, ரை, மால்ட், ஓட்ஸ், ப்ரூயர்ஸ் ஈஸ்ட் (பீர் ஈஸ்ட்). பழகிவிட்டால் இருபது வினாடிகூட ஆகாது. கடைசியாக 'மே கன்டெய்ன்' (கலந்திருக்கலாம்) என்ற வரி.

ஒவ்வாமை வரியோடு ஏன் நின்றுவிடக் கூடாது? அமெரிக்காவில் 2004-ல் வந்த ஒவ்வாமை லேபிள் சட்டம் கோதுமையைப் பெயர் சொல்லி அறிவிக்கச் சொல்கிறது. பார்லியும் ரையும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அங்கே தயாரான பாக்கெட்டில் ஒவ்வாமை வரி சுத்தமாக இருந்தும் உள்ளே பார்லி மால்ட் இருக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் குளூட்டன் உள்ள தானியங்கள் அனைத்தும் ஒவ்வாமைப் பட்டியலுக்குள் வருகின்றன. ஐரோப்பியப் பாக்கெட்டுகளில் அவை பொருள் பட்டியலுக்குள்ளேயே தடித்த எழுத்து போன்ற ஏதாவது ஒரு வகையில் எடுப்பாகத் தெரியும். இறக்குமதிப் பண்டம் வாங்கும்போது அது எந்த நாட்டு விதிப்படி அச்சிட்டது என்பதைக் கவனிப்பது இதற்காகத்தான்.

'குளூட்டன் ஃப்ரீ' என்றால் பூஜ்யம் என்று பொருளில்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பும், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா ஆகியவையும் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதாவது 20 பிபிஎம். ஐரோப்பாவில் 'வெரி லோ குளூட்டன்' என்று இன்னொரு வாசகமும் உண்டு. அதன் வரம்பு 100 மில்லிகிராம், செலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் சேதமாகும் நோய்) உள்ளவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மிகக் கடுமை: சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, ஓட்ஸும் சேர்க்கக் கூடாது. ஜிஎஃப்சிஓ என்ற சான்றிதழ் முத்திரையைத் தரும் அமைப்பு 10 பிபிஎம் வரம்பு வைத்திருக்கிறது. குறுக்குக் கோடு போட்ட கதிர் முத்திரைக்கு 20.

இந்த எண்களைத் தட்டில் வைத்துப் பார்த்தால் மனம் தெளிவாகும். 20 பிபிஎம் வரம்பைத் தொட்டு நிற்கும் 30 கிராம் சிப்ஸில் இருக்கக்கூடிய குளூட்டன் 0.6 மில்லிகிராம். செலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடல் தாங்கும் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில் தினம் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் எடுத்துக்கொண்டவர்களின் சிறுகுடல் உறிஞ்சிகளில் சேதம் தெரிந்தது. சாதாரண ரொட்டி ஒரு துண்டில் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு, விரல் நுனியில் ஒட்டும் சில துகள்கள். முறையாக அறிவிப்புப் போட்ட தீனி ஒரு நாளில் இரண்டு மூன்று பாக்கெட் தின்றாலும் கணக்கு உதைக்காது. மால்ட் போட்ட ஒரு பிடி தீனியோ கணக்கைக் கவிழ்த்துவிடக்கூடும்.

'மே கன்டெய்ன்' வரியைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல நாடுகளில் அதைப் போடுவது தயாரிப்பாளரின் விருப்பம். போட்டிருந்தால் எச்சரிக்கை உண்டு என்று தெரியும். போடாவிட்டால் கலப்பே இல்லை என்று உறுதியாகாது. செலியாக் உறுதியானவர்கள், மாவு சார்ந்த பண்டம் எதுவானாலும் குளூட்டன் இல்லை என்ற அறிவிப்பு உள்ளதையே வாங்குவது சரி. சோளமாவு, பயறு மாவு, பக்வீட், சிறுதானியம் எல்லாம் கோதுமை அரைக்கும் அதே ஆலையில் அரைபட வாய்ப்புண்டு. ஒரே பொருள் உள்ள, அரைக்காத, பூசாத பண்டத்துக்கு, அதாவது வெறும் கொட்டை, வெறும் பழம், கிழங்கு எண்ணெய் உப்பு மட்டும் உள்ள சிப்ஸ் போன்றவற்றுக்கு, பொருள் பட்டியலும் 'மே கன்டெய்ன்' வரியும் சுத்தமாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்த பிஸ்கட்டும் 20 பிபிஎம்முக்குள் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்றே விற்கப்படலாம். செலியாக் நோய்க்கு அது பொருந்தும், கோதுமை ஒவ்வாமைக்குப் பொருந்தாது.

ஓட்ஸ் தனிக் கதை. ஓட்ஸில் இருக்கும் அவெனின் என்ற புரதம் செலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோரைத் தொந்தரவு செய்வதில்லை, ஒரு சிறு பகுதியினருக்கு ஆகாது. பெரிய சிக்கல் கலப்பு. ஓட்ஸ் வயலில் முந்தைய போகத்துப் பார்லி முளைக்கும், ஒரே லாரி, ஒரே களஞ்சியம், ஒரே ஆலை. ஆகவே சாதாரண ஓட்ஸ் போட்ட கிரனோலா பாரைக் குளூட்டன் இல்லாததாகக் கருதவே முடியாது. குளூட்டன் இல்லாத ஓட்ஸ் இரண்டு வழியில் வருகிறது: விதையிலிருந்தே தனி வயல், தனி இயந்திரம் என்று காத்து வளர்ப்பது ஒன்று. சாதாரண ஓட்ஸை வாங்கி இயந்திரத்தாலும் ஒளிக் கருவியாலும் மற்ற தானியங்களைப் பொறுக்கி நீக்குவது மற்றொன்று. இரண்டாவதில் தப்பிய ஒரு பார்லி மணி மூட்டையில் எங்கோ ஓரிடத்தில் கிடக்கும், மாதிரி எடுத்துச் சோதிக்கும்போது கையில் சிக்காமல் போகலாம். எந்த வழி என்று பாக்கெட்டிலோ நிறுவனத்தின் தளத்திலோ சொல்லியிருந்தால் முதல் வகையை எடுங்கள். நோய் கண்டறிந்த புதிதில் சில மாதம் ஓட்ஸை அறவே விட்டு, உடம்பு தேறியபின் மருத்துவரிடம் கேட்டுச் சேர்ப்பது பொதுவான ஆலோசனை.

பட்டியலைப் படித்தே ருசியை ஊகிப்பது

பொருள்கள் எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் அச்சிடப்படுகின்றன. முதல் இரண்டு இடத்தில் அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் மட்டுமே இருந்தால், அந்த பிஸ்கட் வாயில் வைத்தவுடன் நன்றாக இருக்கும், பிறகு பசைபோல் பல்லில் ஒட்டும். அரிசி மாவு பருவெட்டாக அரைத்திருந்தால் நெருடலும் சேரும். முதல் மூன்று இடத்துக்குள் பாதாம் மாவு, விதை மாவு, கொண்டைக்கடலை மாவு, சோள மாவு, கினோவா போன்ற ஏதாவது ஒன்று இருந்தால் ருசியும் கூடும், பசியும் அடங்கும். பயறு மாவு முதலிடத்தில் இருந்தால் லேசான பச்சை வாசனை வர வாய்ப்புண்டு. பூண்டு, மிளகு, பாலாடைக்கட்டி போன்ற அழுத்தமான சுவையில் வருவதை எடுத்தால் அது தெரியாது. வெனிலா சுவையில் எடுத்தால் நன்றாகவே தெரியும்.

சாந்தன் கம், குவார் கம், இசப்கோல் உமி எல்லாம் குளூட்டன் வலைக்கு மாற்றாகச் சேர்ப்பவை. பட்டியலின் கடைசிப் பக்கமாக ஒன்று இருப்பது நல்லதே, பிஸ்கட் பொடியாகாது. மெத்தென்ற பண்டத்தில் இசப்கோல் இருந்தால் ஈரம் நிற்கும். நார்ச்சத்தைப் பொறுத்தவரை 100 கிராமுக்கு 3 கிராமுக்குக் கீழே உள்ளதை அன்றாடத் தீனியாக்க வேண்டாம், 6 கிராம் இருந்தால் நன்று. பரிமாறும் அளவுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை விட்டுவிட்டு 100 கிராம் பத்தியையே ஒப்பிடுங்கள். பரிமாறும் அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளூட்டன் இல்லாத பார் தின்ற பிறகு வயிறு உப்புகிறது, ஓடுகிறது என்றால் உடனே பாக்கெட் பொய் சொல்கிறது என்று முடிவுக்கு வர வேண்டாம். சிக்கரி வேர் நார் என்றும் இன்யுலின் என்றும் எழுதியிருப்பதும், சார்பிட்டால், மால்டிட்டால் என்ற இனிப்பூட்டிகளும் பலருக்கு இதே தொந்தரவைத் தரும். அவை இல்லாத வேறொரு பாரைத் தின்று பார்த்தால் காரணம் பிடிபடும். இன்னொன்று: செலியாக் இருக்குமோ என்று சந்தேகம் மட்டும் உள்ளவர்கள் சோதனை முடியுமுன் குளூட்டனை நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும்.

கடையில் தவிர்க்க வேண்டிய இடம் திறந்த தொட்டிகள். கொட்டையும் பார்லியும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில், கரண்டி கைமாறும். உள்ளே இருப்பது சுத்தமான பாதாமாக இருந்தாலும் அங்கே எடுக்காதீர்கள். அலமாரி விளிம்பில் கடைக்காரர் ஒட்டிய 'குளூட்டன் ஃப்ரீ' சீட்டையும் நம்ப வேண்டாம், பண்டம் இடம் மாறும், சீட்டு மாறாது. பண்டிகைக்கு வேறு வடிவத்தில் வரும் சாக்லேட்டும், பல சுவை கலந்து கட்டிய பெரிய பொதியும் வேறு ஆலையில் தயாராகியிருக்கலாம், அவற்றையும் புதிதாகப் படியுங்கள். 'புதிய சுவை', 'மேம்படுத்தியது' என்று முன்பக்கத்தில் கண்டால் பொருள் பட்டியல் மாறிவிட்டது என்று பொருள்.

வீட்டுக்கு வந்தபின் கெடுவதும் உண்டு. குளூட்டன் இல்லாத கேக்கும் மஃபினும் சீக்கிரம் வறண்டு உதிரும், அவற்றில் உள்ள ஸ்டார்ச் ஆறியபின் மறுபடி இறுகுவதால். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு நாளுக்குள் தின்னாததை உறைபெட்டியில் வையுங்கள். தின்னுமுன் மைக்ரோவேவில் 10 முதல் 15 வினாடி, சூடு ஆறுமுன் தின்றுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிடக் கல்லாகும். நமத்த கிராக்கரை மைக்ரோவேவில் வைத்தால் தோல்போல இழுக்கும். 150 டிகிரி ஓவனில் 4, 5 நிமிடம் வைத்து, வெளியே எடுத்துப் பத்து நிமிடம் முழுதாக ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். கொட்டை மாவுப் பண்டங்களில் எண்ணெய் அதிகம், திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வையுங்கள். பழைய எண்ணெய் வாடையோ பெயின்ட் வாடையோ வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை தின்பவர்களானால் குளூட்டன் இல்லாத தீனிக்கு மேல்தட்டு. துகள் கீழேதான் உதிரும். பாக்கெட்டுக்குள் எல்லாரும் கைவிட்டு எடுப்பது, ஒரே சாஸ் கிண்ணத்தில் பிஸ்கட்டும் சிப்ஸும் தோய்ப்பது, இந்த இரண்டும்தான் சுத்தமான பாக்கெட்டைக் கெடுக்கும் வழக்கமான வழிகள். முதலிலேயே தனிக் கிண்ணத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். புதிய பண்டம் எதையும் முதல் முறை சின்ன பாக்கெட்டாக ஒன்று மட்டும் வாங்கி, பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை கடையில் அதே பண்டத்தைக் கையில் எடுத்ததும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் பட்டியலில் என்ன மாறியது என்று உடனே தெரிந்துவிடும்.